பண்பாட்டு மோதல் காமெடி: அலுவலகக் கதையில் யாரையும் பொம்மையாக்காமல் எழுதுவது எப்படி

ஒரு நாட்டு நிறுவனத்தை இன்னொரு நாட்டு நிறுவனம் வாங்கிவிடுகிறது. அல்லது ஒரு மேலாளர் தன் ஊரை விட்டுத் தொலைதூரக் கிளைக்கு மாற்றலாகிப் போகிறார். போன இடத்தில் எல்லாமே தலைகீழ். இந்த ஒன்லைனை வைத்துப் பல மொழிகளில் படம் எடுத்தாகிவிட்டது, இனியும் எடுப்பார்கள். சிரிப்புக்குப் பஞ்சமில்லாத களம். ஆனால் வெளியானபோது அரங்கமே அதிர்ந்து, சில வருடங்களிலேயே பார்க்கிறவர்களை நெளியவைக்கும் படங்களும் இந்த வகையில்தான் அதிகம்.

பெரும்பாலும் அதற்குக் காரணம் சோம்பல். எழுதுகிறவருக்கு ஒரு தரப்பின் வாழ்க்கை உள்ளும் புறமும் தெரியும். மறு தரப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பழைய படங்களில் பார்த்ததுதான். அதனால் ஒரு பக்கம் மனிதர்களும் மறுபக்கம் பழக்கவழக்கங்களும் வந்து நிற்கின்றன. இந்தச் சாய்வை டிஸ்கஷனிலிருந்து எடிட்டிங் வரை எங்கெங்கே பிடிக்கலாம், எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்ப்போம்.

வேலையிலிருந்து தொடங்குங்கள்

அந்த அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது? இதற்கு ஒரே வரியில் பதில் இல்லாமல் திரைக்கதையைத் தொடாதீர்கள். "ஒரு ஐடி கம்பெனி" என்பது பதில் ஆகாது. "மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருள், மாதக் கடைசியில் அப்டேட் போயே ஆகவேண்டும்" என்றால் பதில். கண்ணுக்குத் தெரிகிற விளைவும் தள்ளிப்போட முடியாத கெடுவும் இருக்கிற வேலையாகப் பாருங்கள். இரு தரப்புக்கும் பொதுவான கெடு இருந்தால்தான் ஒருவர் பழக்கம் இன்னொருவர் காலை இடறும். கெடு இல்லாத படத்தில் வெளியூர்க்காரர் சும்மா சுற்றிப் பார்த்து வியப்பார். அது சுற்றுலாப் படம்.

அடுத்து ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் விதி, இரண்டாவதில் அந்த விதி எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்ற காரணம், மூன்றாவதில் அது எங்கே சொதப்பும். ஒரு தரப்புக்குப் பத்து விதி வீதம் இருபது எழுதுங்கள். "கூட்டத்தில் இளையவர்கள் பேசமாட்டார்கள்" என்பது விதி. கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாக எல்லாரிடமும் கருத்துக் கேட்டு முடித்துவிடுவார்கள், கூட்டம் என்பது கையெழுத்து போடுகிற இடம் என்பது காரணம். அந்த முன்பேச்சு பற்றித் தெரியாத ஒருவர் கூட்டத்தில் புதிய யோசனையை எடுத்து வைத்தால் மொத்த அறையும் உறைந்துபோகும் என்பது சொதப்பல். மூன்றாவது பத்தியில்தான் சீன் கிடைக்கும். ஆனால் இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் அந்த விதியைக் காமெடிக்குத் தொடவே கூடாது. காரணம் தெரியாத பழக்கத்தைத் திரையில் காட்டினால் அது கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். அந்தச் சிரிப்பு பழக்கத்தின் மேல் விழாது, அதைச் செய்கிற ஆளின் மேல் விழும்.

காரணத்தை எங்கே தேடுவது? அந்தப் பண்பாட்டுக்காரர் என்பதோடு, அந்தத் தொழிலையும் செய்தவராக இருக்கவேண்டும். அப்படி ஐந்து பேரிடமாவது தனித்தனியாகப் பேசுங்கள். "உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பாடப்புத்தகம்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் செய்கிற தப்பு என்ன? மேலதிகாரி தப்பாகச் சொன்னால் அதை அவருக்கு எப்படித் தெரியப்படுத்துவீர்கள்? கூட்டம் முடிந்தபின் உண்மையான முடிவு எங்கே எடுக்கப்படும்? வெளியிலிருந்து வந்தவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நீங்கள் அவர்களின் எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியை விடவே கூடாது. படத்தின் பாதிக் காமெடி அதிலிருந்துதான் வரும்.

ஆய்வு நூல்களையும் புரட்டலாம், எச்சரிக்கையோடு. சொல்லாமல் உணர்த்தும் பண்பாடு, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லும் பண்பாடு என்ற பிரிவை மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் விரித்து எழுதினார். ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, அதிகார இடைவெளி (மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது) போன்ற அளவுகோல்களை சமூக உளவியலாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் 1980இல் வெளியிட்டார். இரண்டுமே சீனுக்கு நல்ல விதை. ஆனால் அவை ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்பவை. சராசரியை அப்படியே தூக்கி ஒரு கேரக்டருக்குச் சட்டையாக மாட்டினால் கிடைப்பது அதே பழைய அச்சுப் பொம்மைதான், இந்த முறை அடிக்குறிப்போடு.

இரண்டு பேரும் சரி என்றால்தான் சீன் நிற்கும்

ஒரு சீனை எடுத்துச் செய்து பார்ப்போம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த புதிய மேலாளர், ஆலை மேற்பார்வையாளரிடம் கேட்கிறார்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாமா?"
"பார்க்கலாம் சார்."

சோம்பேறி வடிவம் நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வருகிறது, ஒன்றும் முடியவில்லை, மேலாளர் தலையில் கை வைக்கிறார், இவர்களை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்று கேமராவைப் பார்க்காத குறையாக முழிக்கிறார். சிரிப்பு ஒருமுறை வரும். அதற்குமேல் அந்தச் சீனை இழுக்க வழியில்லை, ஏனென்றால் ஒருவர் சரி, ஒருவர் தப்பு என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இப்போது விதித்தாளைப் பாருங்கள். மேற்பார்வையாளரின் பக்கத்தில், கீழே வேலை செய்கிறவர்கள் முன்னால் மேலதிகாரியிடம் "முடியாது" என்றால் அவர் முகம் விழும், அதனால் மறுப்பை வேறு வழிகளில் சொல்லவேண்டும் என்று இருக்கிறது. அவர் சொல்லவும் செய்கிறார்: இரண்டு நொடி மௌனம், பிறகு "பார்க்கலாம்", பிறகு பழுதான இயந்திரத்தின் பதிவேட்டை மேலாளர் மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுப் போகிறார். மூன்று முறை "முடியாது" என்று சொல்லியாயிற்று. மேலாளரின் பக்கத்தில், தேதியை எழுத்தில் தராவிட்டால் தலைமை அலுவலகம் ஆர்டரை வேறு ஆலைக்கு மாற்றிவிடும் என்று இருக்கிறது. அவர் இந்த ஆலையைக் காப்பாற்றத்தான் பலகையில் பெரிய எழுத்தில் "வெள்ளி" என்று எழுதுகிறார். பலகையைப் பார்த்தவர்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, பழுதான இயந்திரத்தோடு இரவெல்லாம் மல்லுக்கு நிற்கிறார்கள். வெள்ளி காலை சரக்கு தயார். மொத்தமும் தப்பான அளவில்.

இதில் முட்டாள் யாரும் கிடையாது. அதனாலேயே சீனை இன்னும் ஒரு சுற்று வளர்க்கலாம். படத்தின் பிற்பகுதியில் இருவரும் மற்றவர் விதியைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்:

"இந்த மாசம் போனஸ் வருமா சார்?"
(நீண்ட மௌனம்.) "பார்க்கலாம்."
(மேற்பார்வையாளர் பேனாவை எடுக்கிறார்.) "எந்தத் தேதின்னு எழுதிக்கட்டும்?"

மேலாளர் மறுக்கக் கற்றுக்கொண்டார், மற்றவர் மறுப்பை ஏற்காமலிருக்கக் கற்றுக்கொண்டார். கவுண்டர் யார் கையில் போகிறது என்று கவனியுங்கள். முதல் சுற்றில் இருவருமே மாட்டினார்கள், இரண்டாவதில் கீழே இருப்பவர் ஜெயிக்கிறார். இந்த வரிசை தற்செயலாக அமையாது. எழுதும்போதே திட்டமிடவேண்டும்.

ஒற்றை ஆள் என்ற பொறி

ஒரு பண்பாட்டிலிருந்து படத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தால், அவர் என்ன செய்தாலும் அந்த மொத்தக் கூட்டமும் செய்ததாகத்தான் தெரியும். அவர் கஞ்சன் என்றால் எல்லாரும் கஞ்சர்கள். அலுவலக வாழ்க்கையிலேயே இது நடக்கிறது. சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இல் ஒரு பெருநிறுவனத்தை ஆராய்ந்து எழுதியபோது, ஒரு குழுவில் சுமார் 15 சதவீதத்துக்கும் கீழே இருப்பவர்கள் தனி ஆளாகப் பார்க்கப்படாமல் தங்கள் வகையினரின் மாதிரியாகப் பார்க்கப்படுகிறார்கள் என்றார். திரையில் இது இன்னும் கடுமை. ஒன்றரை மணி நேரத்தில் பார்வையாளருக்கு வேறு ஆதாரம் கிடையாது.

மருந்து எளிது: தரப்புக்குக் குறைந்தது மூன்று பேசும் கேரக்டர்கள், அந்த மூவருக்குள்ளும் கருத்து வேறுபாடு. ஒருவர் பழைய முறையை விடாதவர், ஒருவர் அதையே வெறுப்பவர், மூன்றாமவருக்குப் பண்பாடு பற்றியெல்லாம் கவலையே இல்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். இந்த மூன்றாமவரைத் தவறவிடாதீர்கள். அலுவலகத்தில் நிஜமாகவே அதிகம் இருப்பது அவர்தான், படங்களில் வராததும் அவர்தான். கூடவே வயது, பதவி, துறை, சம்பளம் என்ற கோடுகளையும் போடுங்கள். இரு நாட்டுக் கணக்காளர்களும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு, இரு நாட்டு விற்பனைப் பிரிவினரையும் எதிர்க்கிற ஒரு சீனாவது இருந்தால், பண்பாடு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற பொய் உடையும். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்தச் சீன் உடனே ஒட்டும்.

பெண் கேரக்டர்களுக்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஆலிசன் பெக்டெல் 1985இல் வரைந்த ஒரு படக்கதையில் வந்தது: இரண்டு பெண்கள் இருக்கவேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக்கூடாது. இதையே பண்பாட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். சிறுபான்மையாக இருக்கும் தரப்பில் இருவர், தங்களுக்குள், கதாநாயகனைப் பற்றியோ தங்கள் பழக்கவழக்கத்தைப் பற்றியோ அல்லாமல் வேலையைப் பற்றிப் பேசுகிற சீன் ஒன்றாவது இருக்கிறதா? முதல் டிராஃப்டில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒன்று, இது வாசல் சோதனை மட்டுமே. இதில் தேறிய மோசமான ஸ்கிரிப்ட்டும் உண்டு, தேறாத நல்லதும் உண்டு.

சிரிப்பைக் கணக்கெடுங்கள்

ஸ்கிரிப்ட்டில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். காமெடிக்கு நூறு பக்கம் போதும். டிராஃப்ட் முடிந்ததும் அச்செடுத்து மூன்று வண்ணப் பேனாவோடு உட்காருங்கள். சிரிப்பு வருகிற ஒவ்வொரு இடத்திலும் யார் மாட்டுகிறார் என்று பார்த்துக் குறியுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தரப்பு என்றால் சிவப்பு, மறு தரப்பு என்றால் நீலம், இருவரும் சேர்ந்து ஏதோ ஒரு படிவத்திடமோ இயந்திரத்திடமோ தலைமை அலுவலகத்திடமோ மாட்டினால் பச்சை. பிறகு தாள்களைத் தரையில் பரப்பி நின்று பாருங்கள்.

நீலமே பெரும்பாலும் நிறைந்திருந்தால் காரியம் முடிந்தது, வசனத்தைத் திருத்தி மாளாது, சீன்களையே மாற்றவேண்டும். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். சிவப்புச் சிரிப்புகள் "அவர் பிடிவாதக்காரர், அதனால் மாட்டினார்" என்ற வகையிலும், நீலச் சிரிப்புகள் "அவர் அந்த நாட்டுக்காரர், அதனால் மாட்டினார்" என்ற வகையிலும் இருக்கலாம். ஒருவருக்குக் குணம் காரணம், மற்றவருக்குப் பிறப்பு காரணம். இந்தச் சாய்வு எண்ணிக்கையில் தெரியாது. அதனால் ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் காரணத்தை இரண்டு வார்த்தையில் எழுதுங்கள். பெயர், உடல், தோல், உச்சரிப்பு, வாசனை, சாப்பாடு என்று காரணம் வந்தால் அந்த ஜோக்கை அடித்துவிடலாம். பெரும்பாலும் அது பழைய ஜோக்காகவும் இருக்கும், இழப்பு இல்லை.

பச்சை அதிகம் இருப்பது நல்ல அறிகுறி. இரு தரப்பும் சேர்ந்து ஒரே லீவு படிவத்தை எதிர்த்துப் போராடும்போது பார்வையாளர் பக்கம் பிரிக்கமாட்டார்.

மொழி, உச்சரிப்பு, சப்டைட்டில்

இங்கேதான் பல நல்ல ஸ்கிரிப்ட்டுகளும் வழுக்குகின்றன.

உச்சரிப்பு ஒரு கேரக்டரின் அடையாளமாக இருக்கலாம், ஜோக்காக இருக்கக்கூடாது. எழுத்தில் உச்சரிப்பைச் சிதைத்து எழுதாதீர்கள். நடிகர் அதைப் படித்து இன்னும் இரண்டு மடங்கு ஏற்றிச் செய்வார். வசனத்தைச் சரியாக எழுதி, கேரக்டர் குறிப்பில் எந்த ஊர், எத்தனை வருடமாக அந்த இரண்டாம் மொழியைப் பேசுகிறார் என்று மட்டும் போடுங்கள். மற்றதை மொழிப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். அதோடு, இரண்டாம் மொழியில் தடுமாறுகிறவர் தன் சொந்த மொழியில் வெளுத்து வாங்குகிற ஒரு சீன் கட்டாயம் வேண்டும். மேலாளர் கூட்டத்தில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவர், தொலைபேசியில் சப்ளையரை ஒரு நிமிடம் நிறுத்தாமல் மடக்குகிறார் என்று வையுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவரைப் பற்றிய மதிப்பு மாறிவிடும்.

யாருடைய பேச்சுக்கு சப்டைட்டில் போடுகிறீர்கள் என்பது, யார் மனசுக்குள் பார்வையாளரை உட்கார வைக்கிறீர்கள் என்ற முடிவு. சப்டைட்டில் இல்லாத பேச்சு வெறும் சத்தம். கதாநாயகனின் குழப்பத்தைக் காட்ட முதல் பத்து நிமிடம் சப்டைட்டிலை நிறுத்தி வைப்பது நல்ல உத்திதான். அதற்குப் பிறகும் நீட்டினால் அறுபது பேர் வேலை செய்யும் ஆலையில் ஒருவருக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று ஆகிவிடும். சப்டைட்டில் எங்கே வரும், எங்கே வராது என்பதை ஸ்கிரிப்ட்டிலேயே குறித்துவிடுங்கள். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அப்போது நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. காமெடிக்கு இன்னொரு நுணுக்கம்: பஞ்ச் வரி சப்டைட்டிலில் நடிகரின் வாய்க்கு முன்னால் ஓடிவிடக்கூடாது. பஞ்ச்சை அடுத்த சப்டைட்டிலாகப் பிரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அரங்கம் முன்கூட்டியே சிரித்து நடிகரின் வசனத்தை மூடிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் கேரக்டர் இந்த வகைப் படத்தின் தங்கச் சுரங்கம், கெடுத்து வைத்திருப்பதும் அவரைத்தான். ஒருவர் இரண்டு நிமிடம் பொரிந்து தள்ள, மொழிபெயர்ப்பாளர் "சரி என்கிறார்" என்று முடிப்பது புளித்துப்போன ஜோக். அவருக்கும் அந்த வேலையில் ஏதாவது ஆதாயமோ ஆபத்தோ வையுங்கள். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டும், சண்டை வந்தால் முதலில் போவது அவர்தான். அதனால் இரு பக்கத்து வசவையும் மரியாதையாக மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஒருகட்டத்தில் இரு முதலாளிகளும் ஒருவரை ஒருவர் பரம சாது என்று நம்பிக் கைகுலுக்க, உண்மை தெரிந்த ஒரே ஆள் நடுவில் வியர்த்து நிற்கிறார்.

கடைசியில் யார் மாறுகிறார்கள்

வெளியிலிருந்து வந்தவர் எல்லாரையும் திருத்தி, ஆலையைக் காப்பாற்றி, மாலையோடு விடைபெறுவது இந்த வகையின் இயல்பான சறுக்கல். எதிர்ப்பக்கச் சறுக்கலும் ஒன்று உண்டு, அதற்கு நல்ல பெயர் வேறு: உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் ஞானிகள், வந்தவர் அவர்களிடம் வாழ்க்கையைக் கற்றுக்கொள்கிறார். இரண்டிலும் ஒரு தரப்பு இன்னொருவரின் வளர்ச்சிக்கு உரமாகப் பயன்படுகிறது.

தப்பிக்க வழி, விதித்தாளுக்கே திரும்புவது. கிளைமாக்ஸுக்குள் ஒவ்வொரு தரப்பும் தன் பட்டியலிலிருந்து எந்த ஒரு விதியை விட்டுக்கொடுக்கிறது, எதை விடவே மாட்டேன் என்கிறது என்று எழுதுங்கள். விட்டுக்கொடுக்கும்போது உண்மையான நஷ்டம் இருக்கவேண்டும். மேலாளர் எழுத்தில் தேதி கேட்பதை விட்டால் தலைமை அலுவலகத்தில் அவர் பெயர் கெடும். மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் "முடியாது" என்று சொன்னால் அவரோடு இருபது வருடம் இருந்த ஒருவர் முகம் திருப்பிக்கொள்வார். கடைசித் தீர்வைச் சொல்கிற வாய் யாருடையது என்பதையும் பாருங்கள். கதாநாயகன் ஒரு தரப்பு என்றால் தீர்வு மறு தரப்பிலிருந்து வருவது உத்தமம், அதுவும் "நம் முன்னோர் சொன்னபடி" என்றில்லாமல் தொழில் தெரிந்ததால் வருவது இன்னும் உத்தமம்.

மேசையில் யார் உட்காருகிறார்கள்

மறு தரப்பின் பண்பாடு தெரிந்த ஆலோசகரை, பவுண்ட் ஸ்கிரிப்ட் (படப்பிடிப்புக்கான முழுத் திரைக்கதை) தயாரான பிறகு கூப்பிட்டால் உச்சரிப்பையும் உடையையும் மட்டும்தான் அவரால் திருத்த முடியும். கதையின் அச்சு கோணலாக இருந்தாலும் சொல்லிப் பயனில்லை என்று பேசாமல் போவார். ஒன்லைன் நிலையில் ஒருமுறை, முதல் டிராஃப்டில் ஒருமுறை, படப்பிடிப்புக்கு முன் ஒருமுறை என மூன்று தடவை வேண்டும், மூன்றுக்கும் சம்பளத்தோடு. ஒருவர் போதாது, இரண்டு பேர் வையுங்கள். இருவரும் முரண்பட்டால் பதறவேண்டாம். அந்த முரண்பாடே ஒரு சீன். ஆலோசகரைவிட மேல், அந்தத் தரப்பிலிருந்து ஒருவர் எழுத்துக் குழுவிலேயே இருப்பது. ஆலோசகர் தப்பை நீக்குவார், எழுத்தாளர்தான் ஜோக்கைத் தருவார்.

நடிகர் தேர்வில், "அந்தப் பகுதிக்காரர் மாதிரி இருந்தால் போதும்" என்று ஒரு நாட்டுக்காரருக்குப் பக்கத்து நாட்டுக்காரரைப் போடுவது வழக்கமான தவறு. முகம் பார்த்துத் தெரியாதவர்களுக்குப் பிரச்சினையில்லை. தெரிந்தவர்களுக்கு முதல் வசனத்திலேயே படம் முடிந்துவிடும். பின்னணியில் நடமாடும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்களையும் பாருங்கள். பன்னாட்டு அலுவலகம் என்று எழுதிவிட்டு எல்லா மேலாளர் அறையிலும் ஒரே தரப்பையும், தேநீர் தட்டோடு மறு தரப்பையும் நிறுத்தினால், வசனத்தில் செய்த உழைப்பெல்லாம் வீண்.

ஒப்பந்தத்திலும் இதற்கு இடம் உண்டு. நடிகரோ இயக்குநரோ தன் ஒப்பந்தத்தில் நடிகர், தொழில்நுட்பக் குழுவின் பன்முகத்தன்மை பற்றி ஒரு நிபந்தனை சேர்க்கும் முறையை, 2018 ஆஸ்கர் மேடையில் நடிகை ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் சொன்ன பிறகு பரவலாகப் பலர் அறிந்தார்கள். அதே ஆஸ்கர் அமைப்பு, சிறந்த படத்துக்கான போட்டியில் நுழைய நான்கு பிரதிநிதித்துவ அளவுகோல்களில் இரண்டையாவது நிறைவேற்றவேண்டும் என்று 2020இல் அறிவித்தது. 2024 விருதிலிருந்து அது கட்டாயம். அவற்றில் திரையில் தெரிவது ஒன்றுதான். மற்றவை படைப்புக் குழு, பயிற்சி வாய்ப்பு, விளம்பர, விநியோகப் பிரிவு பற்றியவை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எடிட்டிங் டேபிளில்

ஸ்கிரிப்ட் நேர்மையாக இருந்தும் படம் சாய்ந்துபோக முக்கியக் காரணம் ரியாக்‌ஷன் ஷாட். ஒரு வினோதமான செயலுக்குப் பிறகு யார் முகத்துக்கு வெட்டுகிறீர்களோ, அவர் கண்ணால்தான் பார்வையாளர் அதைத் தீர்மானிக்கிறார். எப்போதும் கதாநாயகனின் முழிக்கே வெட்டினால், அவர் இயல்பானவர், மற்றவர்கள் விசித்திரம். படப்பிடிப்பிலேயே மறு தரப்பின் ரியாக்‌ஷனையும் ஒவ்வொரு சீனுக்கும் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் எடிட்டர் கையில் எதுவும் இருக்காது. கதாநாயகன் தன் ஊர் வழக்கப்படி உற்சாகமாகக் குழு விளையாட்டு நடத்தும்போது, பின் வரிசையில் இருவர் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் ஷாட், எந்த வசனத்தையும்விடப் பலமாகச் சிரிக்க வைக்கும்.

பின்னணி இசையும் அப்படித்தான். ஒரு நாட்டவர் திரைக்கு வரும்போதெல்லாம் அந்த நாட்டு இசைக்கருவி ஒலித்தால், ஆள் வருவதற்குமுன் அடைமொழி வந்துவிடுகிறது. இசையைக் கேரக்டரின் மனநிலைக்குக் கொடுங்கள். ஒரு நாட்டுக் காட்சிகளுக்கு மட்டும் மஞ்சள் சாயம் ஏற்றும் கலர் கிரேடிங் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

ரஃப் கட் (எடிட்டிங்கின் முதல் வடிவம்) தயாரானதும் இரு தரப்பு மக்களும் கலந்து உட்காரும் ஒரு திரையிடல், தரப்புக்குத் தனித்தனியாக ஒவ்வொன்று, ஆக மூன்று வையுங்கள். தனித் திரையிடலில் சிரிப்பு வந்து கலந்த திரையிடலில் அதே இடத்தில் அமைதி வந்தால், பக்கத்து இருக்கைக்காரரை நினைத்துத் தயங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நிமிடங்களைக் குறித்துக்கொண்டு பழைய மூவண்ணத் தாளோடு ஒப்பிடுங்கள்; நீலக் குறிகளோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். அங்கே முதலில் ரியாக்‌ஷன் ஷாட்டை மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் வெட்டி எறியுங்கள். ஒரு சிரிப்பு போனால் படத்துக்கு முப்பது நொடி குறையும், அவ்வளவுதான்.